குடம்

2010 ஆம் ஆண்டு. ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து, புத்தளத்தில் நாம் குடியிருந்த வீட்டுத் திண்ணையில் ஒரு படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாழ்ப்பாணத்தில் மீளக்குடியேற விரும்புபவர் முதலில் புத்தளத்தில் தமது பதிவை வெட்டிக்கொள்ள வேண்டும். வெட்டினால் இங்கே உலர் உணவு அட்டையும் இல்லை, வாக்கும் இல்லை. கையொப்பமிட அரை நிமிடம் போதும். எனக்கோ மூன்று கிழமைகளாக முடியவில்லை.

அதுவரை என்னை நான் துணிச்சல்காரன் என்றே நம்பியிருந்தேன். வெளியேற்றத்தை நினைவுகூரும் கூட்டங்களில், எல்லாவற்றையும் இழந்த பின்னும் எழுந்து நின்ற சமூகம் நாம் என்று உரத்துப் பேசியவர்களுள் நானும் ஒருவன். அந்தப் படிவம்தான் என்னை எனக்குக் காட்டியது.

1990 ஒக்டோபர் 30, செவ்வாய்க்கிழமை. எனக்குப் பதினான்கு வயது. ஒலிபெருக்கியில் அழைத்தார்கள். ஜின்னா மைதானத்தில் கூடினோம். இரண்டு மணித்தியாலங்களுக்குள் ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்றார்கள். ஆளுக்கு 150 ரூபாவும் மாற்றுடுப்பும். சந்தியில் சோதித்து மிச்சத்தையும் வாங்கிக்கொண்டார்கள். வாப்பா சோனகத் தெருவில் தையற்கடை வைத்திருந்தவர். அன்றிரவு எங்கோ ஒரு மரத்தடியில் இறங்கியபோதுதான், காலையில் கழுத்தில் போட்ட அளவு நாடா அப்படியே தொங்குவதைக் கண்டார். கடையிலிருந்து எமக்கு மிஞ்சியது அது ஒன்றுதான்.

வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலுமிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் அவ்வாறு வெளியேற்றப்பட்டனர். அந்தப் பயணத்தைத் துணிச்சல் என்று இப்போது நான் சொல்வதில்லை. துப்பாக்கிக்கு முன்னால் நடந்து போகத் துணிச்சல் வேண்டியதில்லை, கால்கள் இருந்தால் போதும். அன்று நாம் எதையும் தெரிவு செய்யவில்லை. தெரிவு செய்ய எமக்கு எதுவும் விடப்பட்டிருக்கவில்லை.

கற்பிட்டிப் பக்கத்து முகாமொன்றில் கிடுகுக் குடிசை கிடைத்தது. வாப்பா அளவு நாடாவைக் கம்பத்தில் ஓர் ஆணியில் மாட்டிவிட்டு அதைப் பார்த்தபடியே இருந்தார். பேச்சுக் குறைந்துபோயிற்று. நான் பிற்பகல் நேரப் பாடசாலைக்குப் போனேன். காலையில் உள்ளூர்ப் பிள்ளைகள் இருந்து படித்த வாங்குகளில் மாலையில் நாங்கள் இருந்தோம். வீட்டைத் தூக்கி நிறுத்தியவர் உம்மாதான். யாழ்ப்பாணத்தில் துணையில்லாமல் சந்தைக்கும் போயறியாதவர், மணற்காட்டு வெங்காயத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனார். புல் பிடுங்கினார், வெங்காயம் கிண்டினார். அந்தக் கூலியில் சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு பழைய தையல் மெசின் வாங்கிப் போட்டார். அதன் பிறகுதான் வாப்பா ஆணியிலிருந்து நாடாவை எடுத்தார்.

உம்மா ஒரே நாளில் மனதைத் திடப்படுத்திக்கொண்டு ட்ரக்டரில் ஏறிவிட்டார் என்றே இருபது வருடங்களாக எண்ணியிருந்தேன். கூட்டங்களில் சொன்னதும் அப்படித்தான்.

அந்த வெள்ளிக்கிழமை உம்மா தேநீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

"இன்னும் அந்தக் கடதாசியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறியா மகன்?"

மகளுக்கு இந்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை என்றேன். இங்கே கடையில் வாடிக்கையாளர் சேர்ந்துவிட்டார்கள் என்றேன். 2002 இல் ஏ9 வீதி திறந்ததும் ஓடிப்போய்க் கூரையில்லாத வீட்டைப் பார்த்து வந்தோமே, 2006 இல் அதே வீதி மூடப்பட்டதே, யுத்தம் முடிந்ததென்று இதையும் எப்படி நம்புவது என்றேன். கடைசியாக, வாப்பாவின் கப்று இங்கேதானே இருக்கிறது என்றேன். வாப்பா 1998 இல் புத்தளத்தில் வபாத்தானவர்.

உம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"தோட்டத்துக்குப் போன கதை உனக்கு முழுக்கத் தெரியாது. மூணு நாள் நான் ஏறல்ல. ஸுபஹ் தொழுதிட்டு ரோட்டுக்குப் போவேன். ட்ரக்டர் வரும். மத்தப் பொம்புளைகள் ஏறுவாங்க. நான் தண்ணிக்கு வந்த மாதிரிக் குடத்தை இடுப்புல வச்சுக்கொண்டு நிற்பேன். யாரும் கேட்டா, தண்ணிக்கு வந்தேன் என்று சொல்லலாமே. ட்ரக்டர் போன பிறகு தண்ணி மொண்டுகொண்டு திரும்பி வருவேன்."

"நாலாம் நாள் பயம் போயிட்டுதா உம்மா?"

"பயம் எங்க போகும்? நாலாம் நாள் குடத்தை எடுக்காமப் போனேன். கையில ஒண்டும் இல்லாம ரோட்டுல நிற்கிற பொம்புளை ஏறத்தானே வேணும்."

அவ்வளவுதான். வெறுங்கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் சொன்ன காரணங்கள் பொய்யல்ல. உம்மாவின் குடமும் பொய்யல்ல, வீட்டுக்குத் தண்ணீர் தேவைதான். ஆனால் அவர் அதைத் தூக்கிப் போனது தண்ணீருக்காக மட்டுமல்ல. மகளின் பரீட்சை ஓகஸ்டில் முடிந்துவிடும். கடை எங்கும் போடலாம். வீதி மூடப்படுமா என்பதற்கு எவராலும் உத்தரவாதம் தர முடியாது. அது தெரிந்த பின்புதான் போவேன் என்றால் என்றைக்கும் போக முடியாது. கப்று ஒன்றுக்குத்தான் என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்றும் இல்லை. அன்று மாலை கையொப்பமிட்டேன்.

2011 ஜனவரியில் போனோம். எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஓர் அறைக்குத் தகரம் போட்டு அதிலேயே ஐந்து பேரும் படுத்தோம். மகள் புத்தளத்துத் தோழிகளை நினைத்து மாதக்கணக்கில் அழுதாள். எம்மோடு பதிந்தவர்களில் பலர் திரும்பிப் போய்விட்டார்கள். அவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. இருபது வருடங்கள் வேரோடிய இடத்தில் தங்கிவிடுவதும் ஒரு தெரிவுதான். என் தம்பியே அங்கேதான் இருக்கிறான். முன்னறையில் மெசினைப் போட்டு மூன்றாம் நாள், பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு வயோதிபர் காற்சட்டையொன்றைக் கொண்டுவந்தார். "நீர் தையற்காரரின்ர மகனோ? இதின்ர இடுப்பைக் கொஞ்சம் பிடிச்சுத் தாரும்" என்றார். வாப்பாவின் நாடாவால்தான் அளந்தேன். எண்கள் தேய்ந்துபோயிருந்தன. கைக்குக் கணக்குத் தெரிந்திருந்தது.

2016 இல் உம்மா யாழ்ப்பாணத்தில் வபாத்தானார். வாப்பா அங்கே, உம்மா இங்கே. புத்தளம் போகும்போதெல்லாம் வாப்பாவின் கப்றடியில் நின்று துஆ கேட்டு வருகிறேன். நான் போட்ட கையொப்பத்தின் விலை அது. சரியாகத்தான் செய்தேனா என்று அங்கே நிற்கும் ஒவ்வொரு முறையும் மனம் கேட்கும்.

மகள் இப்போது தொழிலுக்காக வேறோர் ஊருக்குப் போக வேண்டும். போவதா வேண்டாமா என்று தினமும் புதிதாக ஒரு காரணத்தோடு என்னிடம் வருகிறாள். நான் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. அவளுடைய உம்மும்மா குடத்தோடு நின்ற அந்த மூன்று காலைகளைப் பற்றி மட்டும் சொன்னேன்.