ஒரு எழுத்துத்தானே!



நாங்கள் கணவனும் மனைவியும் ஆசிரியர்கள். 2022இல் அரச ஊழியர்கள் வெளிநாடு போக 5 வருடம் வரை சம்பளமற்ற லீவு என்று சுற்றறிக்கை வந்ததும் நாங்களும் பைலைத் தூக்கினோம்.

மாட்டியது பெயரில். 'முஹம்மத்' இங்கிலீஷில் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, ஓ.எல். சான்றிதழில் இன்னொரு மாதிரி. ஒரேயொரு எழுத்து! கிராம சேவகர் கடிதம், சத்தியக் கடதாசி, கொழும்புக்கு மூன்று தரம் பஸ். அதற்குள் கிடைத்த வேலை கைநழுவியது.

அன்று ஓ.எல். விண்ணப்பம் நிரப்பிய சேரைத் திட்டினோம். பிறகுதான் உறைத்தது: இன்று எங்கள் பிள்ளைகளுக்கு அதை நிரப்புவது நாங்கள்தானே! எத்தனை பெயரை அவசரத்தில் வாய்க்கு வந்தபடி எழுதியிருப்போம்?

இந்த முறை ஒவ்வொரு பிள்ளையின் அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்து, எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதுகிறோம். சேர்மாரே, டீச்சர்மாரே, பிள்ளையின் பெயர் எங்கள் கையில் அமானிதம்.