150 வார்த்தைக்குள் ஒரு கேள்வி

இந்த இதழின் கேள்வி–பதில் பகுதியில் சில மாதங்களுக்கு முன் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "காட்டுப்பன்றித் தொல்லையை எம்.பி., எம்.எல்.ஏ.க்களிடம் சொன்னால் பிரயோசனம் உண்டா? அவர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து பேசுவதை யார் கேட்கிறார்கள்?" அதற்கு இரண்டு வரியில் பதில் வந்திருந்தது. எனக்கு அது பற்றவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் ஊர் அச்சங்குளம். சாத்தூருக்குத் தெற்கே போனவர்களுக்குத் தெரியும், கரிசல் காடு. மானாவாரிதான். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி மக்காச்சோளமும் பருத்தியும் உளுந்தும் போடுவோம். தை பிறந்து அறுப்பு முடிந்தால் காட்டில் வேலை கிடையாது. வீட்டுக்கு ஒருவராவது பட்டாசு ஆலை வேனில் ஏறிவிடுவார்கள். எங்கள் வீட்டில் மதினி போகிறார்.

வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர்ப் பெயர் தெரிந்ததே ஒரு நாளால்தான். 2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை, தை அமாவாசைக்கு மறுநாள். மதியம் நடந்த வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். பெரும்பாலும் சுற்றுப்பட்டி கூலிக்காரர்கள், முந்தின வாரம் வரை களை எடுத்தவர்கள், கதிர் ஒடித்தவர்கள். மதினி அன்று வேறு ஆலைக்குப் போயிருந்தார். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு வராது.

பிரதமர் நிதியிலிருந்து இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், மாநில அரசிலிருந்து 3 லட்சம் என்று அன்றைக்கே அறிவித்தார்கள். பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்து, ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் குழு போட்டு, இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் கொடுக்க வேண்டும் என்று அதே ஆண்டு உத்தரவிட்டது. மக்களவை மறுநாள் சனிக்கிழமை ஒரு நாள் கூடி, பட்ஜெட்டுக்கு நிதியமைச்சர் பதில் சொல்லி, மார்ச் 8 வரை தள்ளிப் போனது. மார்ச் 25-ல் கூட்டத்தொடரே முடிந்தது. ஏப்ரல் 6-ல் நமக்குச் சட்டமன்றத் தேர்தல். அதாவது ஊரே கொதித்துப் போயிருந்த நேரத்தில் டெல்லியில் கேட்பதற்கு இருந்த நாட்கள் மிகக் கொஞ்சம். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. 'ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை' என்று நானும் டீக்கடையில் பேசினவன்தான்.

எனக்குக் கொஞ்சம் விவரம் தெரிந்தது பன்றியால். மலைக்காடு எங்களுக்கு வெகுதூரம். ஆனால் கண்மாய் முழுக்கச் சீமைக்கருவேலம். பன்றி அதற்குள்தான் குடியிருக்கிறது. 2023-ல் கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் ஒரே ராத்திரியில் முக்கால் ஏக்கரைச் சாய்த்துவிட்டது. சின்னையாவுக்குத் தெரிந்த ஒருவர் மூலமாக ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போனோம். அவர் பெயரையும் கட்சியையும் எழுதப் போவதில்லை. எழுதினால் பாதிப்பேர் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.

ஐந்து பக்க மனு. பன்றி, உர விலை, பயிர்க் காப்பீடு, பஸ் வசதி, சுடுகாட்டுப் பாதை, பட்டாசு ஆலைப் பாதுகாப்பு எல்லாம் அதில் இருந்தது. உறுப்பினர் ஊரில் இல்லை. உதவியாளர் ஒரு இளவட்டம், முழுவதையும் பொறுமையாகப் படித்தார்.

"அண்ணாச்சி, இதுல சுடுகாட்டுப் பாதை பஞ்சாயத்து யூனியன் வேலை. பஸ் மாநில அரசு. டெல்லியில கேட்கிறதுன்னா ஒரு கேள்வி 150 வார்த்தைக்குள்ள இருக்கணும். ஒரே விஷயமா இருக்கணும். எதைக் கேட்கச் சொல்றீங்க?"

சின்னையா, "பன்னியைக் கேளுங்க தம்பி" என்றார்.

பிறகு அவர் சொன்னதைக் கேட்டபோதுதான் கடைசி வரிசைக்காரரின் பிழைப்பு புரிந்தது. கேள்விக்கு 15 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். எல்லோரும் கொடுப்பதால் குலுக்கல். ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்வி 20. அதற்குத்தான் அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக்கேள்வியும் கேட்கலாம். ஆனால் ஒரு மணி நேரத்தில் நாலைந்து கேள்வி தாண்டுவதே பெரிசு, மீதிக்குப் பதில் காகிதத்தில்தான். குறியிடாத கேள்வி 230, அத்தனைக்கும் எழுத்தில்தான் பதில். டிவியில் வராது. நாமும் அதனால் நடக்கவில்லை என்றே நினைத்துக்கொள்கிறோம்.

உதவியாளர் கணினியில் தேடி ஒரு தாளை அச்செடுத்துக் கொடுத்தார். பன்றிக் கேள்வியைக் கேரளத்து உறுப்பினர்கள் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். காட்டுப்பன்றியைத் தீங்குயிரி என்று அறிவிக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. மத்திய அரசு அதை ஒத்துக்கொள்ளவில்லை. பதிலில் அவர்கள் சொல்வது இதுதான்: 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 11-வது பிரிவுப்படி, உயிருக்கும் நிலத்தில் நிற்கும் பயிருக்கும் ஆபத்தான விலங்கை அகற்ற அனுமதி கொடுக்கும் அதிகாரம் மாநிலத்தின் முதன்மை வன உயிரினக் காப்பாளரிடமே இருக்கிறது.

"கையைக் கழுவிட்டான்" என்றார் சின்னையா.

"இல்லை அண்ணாச்சி. இனிமே இங்க யாராவது 'எங்க கையில ஒண்ணும் இல்லை, டெல்லியில கேளுங்க'ன்னா இந்தத் தாளைக் காட்டுங்க."

காட்டினோம். மாதாமாதம் நடக்கிற விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் வைத்தோம், ஒரு எம்.எல்.ஏ.விடமும் ஒரு நகல் கொடுத்தோம். எங்களைப் போல எத்தனையோ மாவட்டத்து விவசாயிகள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். 2025 ஜனவரியில் அப்போதைய வனத்துறை அமைச்சர் பொன்முடி சட்டமன்றத்தில் அறிவித்தார்: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். எங்கள் தாளால்தான் வந்தது என்று சொன்னால் ஊர் சிரிக்கும். ஆனால் அதிகாரம் மாநிலத்திடம் இருக்கிறது என்ற எழுத்து அந்தக் கேரளத்துக்காரர்கள் கேட்டதால் பொதுவில் கிடந்தது. பன்றி குறைந்ததா என்றால், அது வேறு கதை. சுட வனத்துறை ஆள் வர வேண்டுமே.

பதிலில் வருகிற வார்த்தைகளையும் உதவியாளர் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். 'பரிசீலிக்கப்படும்', 'தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது' என்று அமைச்சர் சொன்னால் நாம் சலித்துக்கொள்கிறோம். அவையில் அதற்கு உறுதிமொழி என்று பெயர். மக்களவையில் மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது வழக்கம். ஆகவில்லையென்றால் உறுதிமொழிக் குழு அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேட்கும். நம் சட்டமன்றத்திலும் அப்படி ஒரு குழு உண்டு.

குழு என்றால் பஜ்ஜி, காபி என்று நினைக்க வேண்டாம். பருத்திக்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2012-ல் வேளாண்மைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, பாசுதேவ் ஆச்சாரியா தலைமையில், மரபணு மாற்றுப் பயிர்களைப் பற்றி அறிக்கை வைத்தது. எல்லாக் கட்சிக்காரர்களும் இருந்த 31 பேர் குழு. விதர்பாவில் யவத்மால் மாவட்டத்துக் கிராமங்களுக்கே போய்ப் பருத்தி விவசாயிகளிடம் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். ஆளுங்கட்சி உறுப்பினர்களும் சேர்ந்து ஒரே குரலில், உணவுப் பயிர்களில் மரபணு மாற்றுக் கள ஆய்வுகளை நிறுத்தச் சொன்னார்கள். அவையில் கட்சி சொன்னபடி கை தூக்குகிறவர்தான், கதவைச் சாத்திக்கொண்டு நடக்கிற குழுவில் மனதில் பட்டதைப் பேசுகிறார். இது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

கேள்வி கேட்ட வாசகருக்கு உடனே உபயோகப்படுவது நம் சட்டமன்ற மனுக்கள் குழு. அது மாவட்டத்துக்கு வரும் முன் ஆட்சியர் அலுவலகத்திலிருந்து செய்தி வரும், பேப்பரில் சின்னதாகப் போடுவார்கள். மனு தமிழில், 5 நகல். பல வருஷமாகத் தீராத பொதுப் பிரச்னையாக, ஒரே ஒரு துறையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். பட்டா, முதியோர் ஓய்வூதியம், வங்கிக்கடன், வேலை, கோர்ட்டில் கிடக்கிற வழக்கு இதெல்லாம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எங்கள் ஐந்து பக்கத்தை அங்கே கொடுத்திருந்தால் அன்றைக்கே கிழித்திருப்பார்கள்.

இப்போது வீட்டில் வேறொரு கேள்வி எழுதிக்கொண்டிருக்கிறோம். பட்டாசு ஆலை பற்றியது. பெரிய ஆலைகளுக்கு உரிமம் கொடுப்பது நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ, அது மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் வருகிறது. தொழிலாளர் பாதுகாப்பைப் பார்ப்பது மாநிலத்தின் தொழிலகப் பாதுகாப்புத் துறை. ஆகவே டெல்லிக்கு ஒன்று, சென்னைக்கு ஒன்று, தனித்தனியாக எழுத வேண்டும். அச்சங்குளத்து ஆலையைப் பல பேருக்கு உள்குத்தகை விட்டிருந்ததாக அப்போதே பேப்பர்களில் வந்தது. டெல்லிக்கு நாங்கள் எழுதினது: 2021-க்குப் பிறகு விருதுநகர் மாவட்டத்தில் உள்குத்தகைக்காக எத்தனை உரிமங்கள் ரத்தாயின, ஆண்டுவாரியாக.

சத்தமாகப் படித்தேன். மதினி முறத்தில் உளுந்தைப் புடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "ரூமுக்கு எத்தனை பேருன்னு சுவத்துல பெயிண்ட்ல எழுதியிருக்கும்ல, அதை யாரு, எந்தத் தேதியில வந்து எண்ணிப் பார்த்தாங்கன்னும் கேளுங்க" என்றார்.

சின்னையா விரல் விட்டு எண்ணினார். மதினி சொன்னதையும் சேர்த்தால் 163 வார்த்தை. முதலில் போட்டிருந்த 'மாண்புமிகு', 'தாழ்மையுடன்' எல்லாவற்றையும் அடித்துவிட்டு மறுபடி எண்ணிக்கொண்டிருக்கிறோம்.