கரண்ட் போன சாயங்காலங்களில் மனப்பாடமான வசனம்

மங்கலம்பேட்டையில் விருத்தாசலம் போகிற ரோட்டை ஒட்டி ஒரு பிரௌசிங் சென்டர் இருந்தது. அதற்கு ஒரு பெயர்ப் பலகை உண்டு, ஆனால் எங்களுக்கு அது ‘பாய் கடை’. பகலில் ரிசல்ட் பார்க்கவும் விண்ணப்பம் அனுப்பவும் ஆட்கள் வருவார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் கடை எங்கள் வசம். மணிக்கு 15 ரூபாய். ஒருவன் உட்கார்ந்து ஆடுவான், ஐந்து பேர் நாற்காலிக்குப் பின்னால் நின்று அவனுக்கு வழி சொல்லுவோம்.

அங்கே நாங்கள் ஆடிய கேம் ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ். 2004-இல் பிளேஸ்டேஷனுக்கும் மறு வருஷம் கம்ப்யூட்டருக்கும் வந்தது. எங்கள் ஊருக்கு யாரோ ஒருவருடைய சிடியிலிருந்து யாரோ ஒருவருடைய ஹார்டு டிஸ்க் வழியாக வந்து சேர்ந்தது. ஒரு நாற்பது பக்க நோட்டில் சீட் கோடுகளை எழுதி வைத்திருந்தோம். முதல் வரி ஹெசோயம். அதை அடித்தால் உயிரும் கவசமும் இரண்டரை லட்சம் டாலரும் வரும். விரல் பட்டுப் பட்டு அந்த வரியின் மை கரைந்திருந்தது. யாருக்கும் அதைப் பார்க்கத் தேவையில்லை, ஆனாலும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டுதான் அடிப்போம்.

2008 தொடங்கி சில வருஷங்கள் மின்வெட்டு எங்கள் பக்கத்தை ஆட்டிப்படைத்தது. பாயின் யூபிஎஸ் நாலு முறை கத்திவிட்டு அடங்கும். அந்த கேமில் நினைத்த இடத்தில் சேவ் செய்ய முடியாது. வீட்டுக்குப் போய் ஃபிளாப்பி படம் சுழலும் இடத்தில் நிற்க வேண்டும். அங்கே போய்ச் சேர்வதற்குள் திரை இருண்டுவிடும். கரண்ட் வந்ததும் முதலிலிருந்து. மறுபடி ஏர்போர்ட். அம்மா செத்த செய்தி கேட்டு ஐந்து வருஷம் கழித்து ஊர் திரும்பும் கேமின் நாயகன் சிஜே. அவனை வழிமறித்துப் பணத்தைப் பிடுங்கிக்கொள்ளும் போலீஸ்காரர்கள். எதிரிக் கூட்டத்தின் பேட்டையில், ஒரு சந்தில் அவனைத் தள்ளிவிட்டுப் போகிறார்கள். அவன் எழுந்து நின்று, சலிப்போடு சொல்லுவான்: “ஆ ஷிட், ஹியர் வீ கோ அகெய்ன்.”

அந்தக் காட்சியைத் தாண்டிப்போக ஒரு பட்டன் உண்டு. நாங்கள் அழுத்த விடமாட்டோம். சிஜே வாயைத் திறக்கும் முன்பே ஆறு பேரும் சேர்ந்து கத்துவோம். பாய் கல்லாவிலிருந்து, “டேய், மெதுவாடா, தொழுகைக்குப் போற நேரம்” என்பார்.

ஒரு கேம் வசனம் உலகத்தின் வாய்க்கு எப்படிப் போகிறது என்று இப்போது யோசித்தால் எனக்கு அந்த இருட்டும் யூபிஎஸ் சத்தமும்தான் நினைவுக்கு வருகின்றன. நூறு மணி நேரம் ஆடி முடித்தவர்கள் கொஞ்சம் பேர். முதல் பத்து நிமிஷத்தைப் பார்த்தவர்கள் கோடிக்கணக்கானவர்கள். வாசலில் வைத்த வசனம் எல்லோர் காதிலும் விழும். 2001-இல் இணையமெங்கும் பரவிய ‘ஆல் யுவர் பேஸ்’ வசனமும் ஜீரோ விங் என்ற பழைய ஜப்பானிய விளையாட்டின் தொடக்கக் காட்சியில் வருவதே. 2011-இல் வந்த ஸ்கைரிமில், முழங்காலில் அம்பு பட்ட கதையை ஊருக்கு ஊர் காவலாளிகள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள், தப்பிக்க வழியில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. சிஜே அந்த ஒரு வரியோடு நிறுத்துவதில்லை. உலகத்திலேயே மோசமான இடம் என்று சொல்லி, ரோலின் ஹைட்ஸ், பல்லாஸ் என்று பேட்டைப் பெயரையும் கூட்டத்தின் பெயரையும் தொடர்ந்து அடுக்குவான். அதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஊர் பேர் இல்லாத முதல் பாதி மட்டும் கழன்று வந்தது. எங்கள் நண்பன் ஒருவனுடைய அப்பா விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைப் பட்டறையில் வேலை பார்த்தார். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சின் இரண்டு பாதிகளைச் சேர்த்துக் கட்டி, களிக்குழம்பை ஊற்றுவார். அச்சு ஈரத்தை உறிஞ்சி ஓரத்தில் தோல் கட்டியதும் மிச்சக் குழம்பைத் திரும்பக் கொட்டிவிடுவார். பிரித்தால் உள்ளே பிள்ளையார், நடுவில் வெற்றிடம். மீமாகிற வசனமும் அந்த மாதிரி உள்ளீடு கொட்டப்பட்டது. அம்மாவும் போலீஸும் வெளியே போய்விட, சலிப்பின் வடிவம் மட்டும் நிற்கிறது. அவரவர் எதையும் அதற்குள் வைத்துக்கொள்ளலாம்.

2019 ஏப்ரல் வாக்கில் யாரோ சிஜேயை அந்தச் சந்திலிருந்து வெட்டியெடுத்துப் பச்சைத் திரையில் நிறுத்தினார்கள். அதன்பின் அவன் போகாத இடமில்லை. பரீட்சை ஹால் வாசல், திங்கட்கிழமை ஆபீஸ், மறுபடி அரியர். அடுத்த மாதமே ‘ஃபிரெண்ட்ஸ்’ படத்தில் சுத்தியல் விழுந்த கான்ட்ராக்டர் நேசமணிக்காக உலகமே பிரார்த்தனை செய்தது. 2001-ஆம் வருஷப் படம் அது. ஒரு சுத்தியல் படத்துக்குக் கீழே நம்மாள் ஒருவர் எழுதிய பதிலில் பற்றிக்கொண்டது. நேசமணி நமக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்தவர். சிஜேயும் அந்நியன் இல்லை என்பதை அந்த வருஷம்தான் ஊர்க்காரர்களிடம் சொல்ல முடிந்தது. நாங்கள் கத்திய வசனத்தை உலகமே கத்தியபோது எனக்குப் பெருமையாக இருந்தது, இன்றும் இருக்கிறது.

பாய் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரீசார்ஜும் கவரிங் நகையும். எங்கள் ஆறு பேரில் ஒருவன் நெய்வேலியில், ஒருவன் திருப்பூரில், ஒருவன் சிங்கப்பூரில். சிங்கப்பூர்க்காரன் ஒவ்வொரு முறை லீவு முடிந்து கிளம்பும்போதும் திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து சிஜே படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவான். கீழே நாங்கள் ஆளாளுக்கு மிச்ச வசனத்தை முடிப்போம்.

ஒரு தடவை அவன் அம்மா தவறிப்போய் வந்தான். சுடுகாட்டுக்குப் போய் வந்த அன்று ராத்திரி, திண்ணையில் அவனோடு உட்கார்ந்திருந்தோம். அம்மா சாவுக்கு ஊர் திரும்பிய மகன். அந்தக் கதையின் முதல் பத்து நிமிஷம் எங்கள் அத்தனை பேருக்கும் மனப்பாடம். யாரும் அதைப் பேசவில்லை. அவன்தான் ஆரம்பித்தான். “மாப்ள, சிஜே ஊருக்கு வந்தது எதுக்குன்னு நாம ஒருநாள்கூட நெனச்சதே இல்லல்ல?” என்றான். விடிய விடிய அவன் அம்மாவைப் பற்றிப் பேசினோம்: எங்களைத் தேடிக்கொண்டு பாய் கடை வாசலில் வந்து நின்று, உள்ளே வராமல், பேர் சொல்லி ஒவ்வொருவராகக் கூப்பிடுவது, அவனை மட்டும் திட்டுவது, எல்லோருக்கும் சேர்த்துச் சோறு போடுவது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவன் கிளம்பியபோது படம் எதுவும் வரவில்லை. நெய்வேலிக்காரன் திருச்சி வரைக்கும் கூடவே போய் ஏற்றிவிட்டு வந்தான்.