காற்று போன வழி

கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் மறைந்த பந்தய வீரர் கரிவரதனின் பெயரைத் தாங்கிய கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. பந்தயக் கார்களோடு பழகிய கைகள் இந்த ஊர்ப் பட்டறைகளில் நிறைய உண்டு. அப்படியொரு பட்டறைக்குத்தான் போயிருந்தேன். தகரக் கூரை, இரண்டு லிஃப்ட், மூலையில் கம்ப்ரஸர், ஸ்டூல் மேல் விரல் தடம் படிந்த லேப்டாப். மூத்த மெக்கானிக்குக் கோளாறு பார்ப்பதுதான் முக்கிய வேலை. ஐடிஐ முடித்த பையன் ஒருவன் அவரிடம் தொழில் பழகுகிறான்.

டர்போ நம் மெக்கானிக்குகளுக்குப் புதிதல்ல. ஆனால் அவர்கள் கைபழகியது டீசல் டர்போவில். டீசல் எஞ்சினில் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் எரிபொருளின் அளவை வைத்து நடக்கிறது. காலை எடுத்தால் காற்றுப் பாதை அடைபடுவதில்லை. பெட்ரோலில் அப்படியில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் எடுத்ததும் த்ராட்டில் பட்டர்ஃப்ளை மூடிக்கொள்ளும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிற டர்போ அந்த நொடியில் நிற்காது. அது அழுத்தித் தள்ளிய காற்றுக்குப் போக இடமில்லாமல் வந்த வழியே திரும்பி, சுழலும் இறக்கைகளில் மோதிச் சிதறும். ‘சுத்துத்துத்து’ என்று கேட்கிற படபடப்பு அதுதான். அந்த அடி டர்போவின் தண்டைத் தாங்கும் பேரிங்கில் போய் விழுகிறது.

இதைத் தடுக்கத்தான் டம்ப் வால்வு. அதன் தலையிலிருந்து ஒரு சின்ன ஹோஸ் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும். பட்டர்ஃப்ளை மூடினால் மேனிஃபோல்டில் வேக்வம் உண்டாகும். அது வால்வின் டயாஃப்ரத்தை மேலே இழுக்கும். தேங்கிய காற்று பக்கவாட்டில் வெளியேறி, டர்போவின் வாய்ப்பக்கத்துக்கே திரும்பும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்ததும் சிறிய டீசல் கார்கள் குறைந்து, டர்போ பெட்ரோல் கார்கள் பெருகின. பட்டறைகளுக்கு இந்த வால்வின் வியாதிகள் இப்போதுதான் அதிகம் வந்து சேர்கின்றன.

நான் இருந்தபோது வந்தது பழைய 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் செடான். புல்லிங் இல்லை, கியர் மாற்றும்போதெல்லாம் படபடவென்று சத்தம், அவ்வப்போது செக் எஞ்சின் விளக்கு. ஸ்கேனரில் பி 0299: எஞ்சின் கேட்ட பூஸ்ட் கிடைக்கவில்லை என்று பொருள். ஓனர் ஒரு கவரை நீட்டினார். வேறொரு இடத்தில் ஏர்ஃப்ளோ சென்சார் மாற்றிய பில், பூஸ்ட் கன்ட்ரோல் சோலனாய்டு மாற்றிய பில், கூடவே ஒரு சோதனைச் சீட்டு: ‘பிரஷர் டெஸ்ட் செய்யப்பட்டது. லீக் இல்லை.’

மெக்கானிக் அந்தச் சீட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பையனைக் கூப்பிட்டார்.

“கண்ணு, பிரஷர் டெஸ்ட்டுக்குக் காத்த எங்க விடுவோம்?”

“டர்போ வாய்லங்ணா. மூடி போட்டு, பத்து பவுண்டு ஏத்தி, ஜாயின்ட்டுல சோப்புத் தண்ணி அடிப்போம்.”

“இந்த வால்வு காத்த எங்க விடுது?”

பையன் ஹோஸை விரலால் தொடர்ந்து போனான். டர்போ வாய்க்கு வந்ததும் நிமிர்ந்தான். “ரெண்டு பக்கமும் ஒரே பிரஷர் ஆயிருதுங்ணா!”

அந்த நிமிடத்துக்காகவே இந்தப் பயணம் தகும் என்று எனக்குத் தோன்றியது. டர்போ வாயில் காற்றை ஏற்றினால் வால்வின் முன்பக்கமும் பின்பக்கமும் சேர்ந்தே நிரம்புகின்றன. வால்வு எவ்வளவு ஒழுகினாலும் அந்தக் காற்று மூடிய பாதைக்குள்ளேயே தங்கிவிடும்; சோப்பு நுரையில் ஒரு குமிழிகூட வராது. பஞ்சர் கடையில் வாளித் தண்ணீரில் டியூபை முக்குவது போலத்தான் இந்தச் சோதனை: வெளியே வரும் காற்றைத்தான் அது காட்டும். சீட்டில் எழுதியிருந்தது பொய்யல்ல. அந்தச் சோதனையால் பார்க்க முடியாத இடத்தில் கோளாறு இருந்தது.

முதலில் சின்ன ஹோஸை முழுநீளமும் தடவிப் பார்த்தார். வெடிப்போ மடிப்போ இல்லை. இந்த ஹோஸ் கிழிந்தோ நசுங்கியோ போனால் நல்ல வால்வும் நேரத்துக்குத் திறக்காது என்பதால், வால்வைத் தொடுமுன் ஹோஸ். பிறகு வால்வைக் கழற்றாமலேயே அதன் தலையில் கை வேக்வம் பம்பைச் செருகி, பையனிடம் கொடுத்தார்.

“மெதுவா. முள்ளப் பாத்துக்கிட்டே அடி.”

ஐந்து அங்குலம் வரை முள் அசையாமல் நின்றது. எட்டிலும் நின்றது. அதற்கு மேல் அழுத்தியதும் சரசரவென்று இறங்கியது. மறுபடி அடித்தான், மறுபடி அதே இடத்தில் இறங்கியது. டயாஃப்ரம் படுத்திருக்கும்வரை கிழிசலின் உதடுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அது மேலே எழும்போது மடிப்பு விரிந்து வாய் திறக்கிறது என்றார். அவசரமாக ஒரு தடவை அழுத்திவிட்டு ‘பிடிக்குது’ என்று சொல்லியிருந்தால் வால்வு தப்பித்திருக்கும்.

அந்த ஒரு கிழிசலில் இரண்டு புகாருக்கும் விடை இருந்தது. கால் எடுக்கும்போது வேக்வம் கிழிசல் வழியே வீணாகிறது, வால்வு எழுவதில்லை, அதனால் படபடப்பு. கால் அழுத்தும்போது வால்வை மேலிருந்து அமுக்கிப் பிடிக்க வேண்டிய மேனிஃபோல்டு அழுத்தமும் அதே வழியில் நழுவுகிறது. வால்வு இறுக மூடாமல் காற்று திரும்பிப் போகிறது. அதனால் புல்லிங் இல்லை. ஆனாலும் அவர் அதோடு விடவில்லை. வால்வைக் கழற்றி மேசையில் வைத்து, டர்போ பக்கத் துளையில் மட்டும் காற்றைக் கொடுத்து, தலைக்கும் அதே அழுத்தத்தைக் கொடுத்தார். திறந்திருந்த மறுபக்கம் சீறியது. பையனின் உள்ளங்கையை அங்கே வைத்துக் காட்டினார்.

ஓனர் இளைஞர். மாற்றுவதே மாற்றுகிறோம், காற்றை வெளியே விடுகிற வால்வாகப் போட்டு அந்த ‘ப்ஸ்ஸ்’ சத்தம் வரும்படி செய்யலாமா என்று கேட்டார்.

“உங்க வண்டில ஏர்ஃப்ளோ சென்சார் இருக்குதுங்க. உள்ள வந்த காத்த அது எண்ணிருச்சு. எண்ணுன காத்த நீங்க ரோட்டுல விட்டுட்டா கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அத்தனைக்கும் பெட்ரோல ஊத்தும். ஒவ்வொரு கியருக்கும் வண்டி திணறும்.”

ஸ்பிரிங்கை முறுக்கி வைக்கிற பந்தய வால்வுகளையும் அவர் எடுத்துக் காட்டினார். இறுக்கினால் படபடப்பு வரும், தளர்த்தினால் ஐடிலிங்கிலேயே திறந்து நிற்கும் என்று விளக்கி, வண்டியோடு வந்த மாதிரியே ஒன்றைப் பொருத்தினார். பைபாஸ் சாலையில் ஓட்டியபோது லேப்டாப்பில் கேட்ட பூஸ்ட்டும் கிடைத்த பூஸ்ட்டும் ஒன்றன் மேல் ஒன்றாக ஓடின. குறைந்த வேகத்தில் காலை லேசாக எடுக்கும்போது மெல்லிய படபடப்பு ஒன்று மிச்சமிருந்தது. அழுத்தம் குறைவாக இருக்கையில் வருவது அது, பேரிங்கை ஒன்றும் செய்யாது என்றார்.

பில் போடும் நேரத்தில்தான் இந்தத் தொழிலின் வலி தெரிந்தது. வால்வின் விலையை ஓனர் கேள்வி கேட்கவில்லை. ‘செக்கிங் கூலி’ என்ற வரியில் விரலை வைத்தார். “சும்மா பாத்ததுக்கா?” பொருளுக்குக் காசு, புத்திக்கு இனாம் என்கிற இந்தப் பழக்கம்தான் பட்டறைகளை உதிரிபாகம் மாற்றும் கடைகளாக்குகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். சோதிக்க ஆகிற நேரத்துக்குக் கூலி இல்லாதபோது, சந்தேகப்பட்ட பாகத்தை மாற்றிவிடுவதே லாபம். அந்தச் செலவும் ஓனர் தலையில்தான் விழுகிறது.

மெக்கானிக் வாதாடவில்லை. கழற்றிய டயாஃப்ரத்தை விரலால் மடித்து, வெளிச்சத்தில் கிழிசலைக் காட்டினார். பிறகு பழைய பில்களைத் திருப்பிக் கொடுத்தபடி சொன்னார்: “முன்னாடி கழட்டுன ஏர்ஃப்ளோ சென்சாரும் சோலனாய்டும் வீட்ல இருக்குதுங்களா? தூக்கிப் போட்றாதீங்க. கொண்டு வாங்க, செக் பண்ணித் தர்றேன். ரெண்டும் நல்லாத்தான் இருக்கும்.”