இரண்டு முறை கையால் சுற்று!

உடப்புக் கடற்கரையில் கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால், எங்கள் வீட்டில் அடுப்புப் புகையைவிட லொறிப் புகையைப் பற்றிய பேச்சே மிகுதியாக இருக்கும். புத்தளத்து உப்பை ஏற்றிக் குருணாகல் வழியாகக் கண்டிக்குக் கொண்டு செல்வது எங்கள் தொழில். ஒரே ஒரு லொறி. அதுவும் வயது முதிர்ந்தது. அது ஓடினால் நாங்கள் உண்போம். நின்றால் கடனை எண்ணுவோம்.

2022ஆம் ஆண்டில் டீசலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற துயரத்தை இத்தீவில் மறந்தவர் எவருமிலர். அந்நாட்களில் எஞ்சின் எண்ணெயின் விலையும் எட்டாத உயரத்துக்கு ஏறிற்று. மாற்ற வேண்டிய காலம் கடந்தும் பழைய எண்ணெயிலேயே நான் லொறியை ஓட்டினேன். சிக்கனம் என்று அன்று எண்ணினேன். சிக்கனமன்று, கடன் வாங்குவதே என்று பின்னர் அறிந்தேன்.

மறு ஆண்டு, கலகெதர மலையேற்றத்தில் லொறி திணறியது. கரும்புகை கக்கியது, ஒரு சிலிண்டர் ஊமையாயிற்று. பாலாவிச் சந்திக்கு அண்மையில் கராஜ் வைத்திருக்கும் முதிய மெக்கானிக்கிடம் கொண்டு சென்றேன். அவரை நாங்கள் எல்லோரும் நானா என்றே அழைப்போம். அவர் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, கேம் தேய்ந்துவிட்டது" என்றார்.

வாசகர்களுள் இயந்திரம் அறியாதோர் பலர் இருப்பர். எஞ்சினின் வாயில்களைக் காக்கும் காவலாளியே கேம் தண்டு என்று கொள்க. காற்று உள்ளே வர ஒரு வால்வு. புகை வெளியேற ஒரு வால்வு. தண்டிலுள்ள முட்டை வடிவான மேடுகள் சுழன்று வந்து அவற்றை உரிய வேளையில் உயர்த்தித் திறக்கும். கிராங்க் தண்டு இரண்டு முறை சுற்றும்போது கேம் தண்டு ஒரு முறை சுற்றும். மேடு தேய்ந்தால் வாயில் முழுதும் திறவாது. மூச்சு முட்டிய மனிதன் மலை ஏறுவானா?

புதுத் தண்டு வாங்க வேண்டும். மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குச் சென்றது. அவள் ஒரு சொல்லும் சொல்லாமல் கழற்றித் தந்தது, பல சொற்கள் சொல்லியிருந்தாலும் வலித்திராத அளவுக்கு எனக்கு வலித்தது.

இங்கேதான் என் மகன் குறுக்கிட்டான். அவனுக்கு அப்போது இருபது வயது. கட்டாருக்குப் போய்விட வேண்டும் என்ற எண்ணம் அவனுள் ஓடிக்கொண்டிருந்த காலம். அமெரிக்க நாட்டில் டீசல் வண்டிகளைப் பந்தயத்தில் இழுக்க விடும் படங்களைப் பார்த்திருந்தான். "அப்பா, மேட்டை உயர்த்திக் கடைந்த வேகக் கேம் கிடைக்கும். வால்வு அதிகம் திறக்கும், நெடுநேரம் திறந்திருக்கும். பழைய லொறி பறக்கும்" என்றான். பல நாட்களுக்குப் பின் லொறியைப் பற்றி அவன் ஆவலோடு பேசிய பேச்சு அது. மறுக்க எனக்கு மனம் வரவில்லை. நானாவிடமே தீர்ப்பை விட்டேன்.

நானா அவனைக் கடிந்துகொள்ளவில்லை. ஒரு வாளியைக் கவிழ்த்து அவனை அமரச் செய்து விளக்கினார்.

"மகன், பெட்ரோல் எஞ்சினுக்குத் தீப்பொறி உண்டு. டீசலுக்கு அது இல்லை. காற்றை அமுக்குகிற சூட்டிலேதான் டீசல் பற்றும். ருடோல்ஃப் டீசல் என்கிற ஜெர்மன்காரர் 1897இல் ஓட்டிக் காட்டியதும் இந்த வித்தையைத்தான். ஏறக்குறைய 17 பங்கு காற்றை ஒரு பங்காக அமுக்கினால் 500 பாகைக்கு மேல் சூடேறும். நீ சொல்லும் கேம், காற்று வாயிலைப் பிந்தித்தான் மூடும். பிஸ்டன் மேலே வரத் தொடங்கிய பின்னும் வாயில் திறந்திருந்தால், உள்ளே வந்த காற்று வந்த வழியே திரும்பும். அமுக்கம் குறையும். விடியற்காலையில் எஞ்சின் பற்ற மறுக்கும்."

"அப்படியானால் பந்தயக்காரர் ஏன் போடுகிறார்கள்?" என்றான் மகன்.

"அவர்கள் எஞ்சினை மிக வேகமாகச் சுழற்றுகிறார்கள். அந்த வேகத்தில் காற்றுக்குத் திரும்ப நேரமில்லை. ஓட்டத்தின் உந்துதலாலே உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். அதற்கேற்ற டர்போவும் பம்பும் வைத்திருக்கிறார்கள். உன் அப்பாவின் லொறி 2,800 சுற்றுக்கு மேல் போகாதபடி கவர்னர் தடுக்கிறது. 7 தொன் உப்போடு கலகெதர ஏறும்போது அதில் பாதிச் சுற்றுத்தான். அங்கே வேண்டியது வேகமல்ல, இழுவை."

மகன் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "தேய்ந்த டேப்பட்டுகளையும் மாற்றத்தானே வேண்டும், நானா?" என்று கேட்டான். முதியவரின் முகம் மலர்ந்தது. பழைய டேப்பட்டின் மேல் புதுக் கேம் ஓடினால் விரைவில் அதுவும் அழியும் என்பதை அவன் தானே உணர்ந்திருந்தான். சாதாரணக் கேமையே வாங்கினோம்.

பொருத்தும் நாள் வந்தது. பழைய தண்டின் பற்சக்கரத்தை எடுத்துப் புதியதில் ஏற்றியாயிற்று. கிராங்கின் சக்கரத்திலுள்ள குறியும் கேம் சக்கரத்திலுள்ள குறியும் நேர்பட வேண்டும். நானாவுக்குக் கண்பார்வை மங்கல். ஆகவே என்னைப் பார்க்கச் சொன்னார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மகன், "டோர்ச் கொண்டு வரட்டுமா, அப்பா?" என்றான். மறுநாள் உப்பு ஏற்றும் முறை எங்களுடையது. "வேண்டாம், வெள்ளைப் புள்ளி நன்றாகத் தெரிகிறது, நேராகத்தான் நிற்கிறது" என்றேன்.

எல்லாம் பூட்டியான பின், ஸ்டார்ட் செய்யலாமா என்று நானே அவசரப்பட்டேன். நானா கையை உயர்த்தினார். "முதலில் இரண்டு முறை கையால் சுற்று. நான் படித்த முதற் பாடம் அது."

நோசில்கள் கழற்றப்பட்டிருந்தபடியால் அமுக்கத்தின் எதிர்ப்பு இல்லை. மகன் சாவியை இட்டு மெல்லத் திருப்பினான். கால் சுற்று, அரைச் சுற்று... சட்டென்று நின்றது. ரப்பர்போல் நெகிழவில்லை, கல்லில் மோதியதுபோல் நின்றது. "இரும்பு இரும்பைத் தொடுகிறது. விடு, மகன்!" என்றார் நானா.

டோர்ச் வந்தது. அழுக்கைத் துடைத்ததும் உண்மை தெரிந்தது. நான் கண்ட வெள்ளைப் புள்ளி உரிய குறியன்று; எந்நாளிலோ எவரோ இட்ட வர்ணம். மெய்யான குறி இரண்டு பற்கள் தள்ளி, கறுத்துப்போய் இருந்தது. 60 பற்கள் கொண்ட கேம் சக்கரமானால் ஒரு பல் பிழைத்தாலே கிராங்க் கணக்கில் 12 பாகை பிழைக்கும். நான் பிழைத்ததோ இரண்டு பல். டீசல் எஞ்சினில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது வால்வுக்கும் அதற்கும் இடையே மிகச் சிறு இடைவெளிதான் உண்டு. ஸ்டார்ட் செய்திருந்தால் வால்வு வளைந்திருக்கும்; பிஸ்டன் உடைந்திருக்கும்; அடகிலிருந்த சங்கிலி என்றென்றைக்கும் போயிருக்கும்.

என்னால் மகனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வேகத்தை விரும்புகிறான் என்று அவனை எண்ணியிருந்தேன், அவசரப்பட்டது நானல்லவா? அவன் ஒன்றும் சொல்லவில்லை. தாயின் பிள்ளை!

மீண்டும் பிரித்து நேர்படுத்தினோம். 1ஆம் சிலிண்டர் எரியும் தறுவாயில், 6ஆம் சிலிண்டரின் ஒரு வால்வு மூடி மற்றது திறப்பதைப் பார்த்து நானா ஒத்துக்கொண்டார். இரண்டு முறை கையால் சுற்றினோம். தடையில்லை. இரவு பதினொரு மணிக்கு எஞ்சின் பேசியது.

கவசத்தை மூடுமுன் மகன் ஒரு காரியம் செய்தான். அந்தப் பொய்ப் புள்ளியை மண்ணெண்ணெய் தொட்டுச் சுரண்டி முற்றாக அழித்தான். "அடுத்து இதைத் திறக்கிறவனாவது ஏமாறாதிருக்கட்டும்" என்றான்.

கட்டார்ப் பயணத்தைப் பற்றி அவன் பின்னர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கிழமையில் மூன்று நாள் பாலாவிக்குப் போய் நானாவின் கண்ணாக இருக்கிறான். சங்கிலியை மீட்க ஓராண்டு ஆயிற்று. அதை அவள் கழுத்தில் இடுமுன், கொக்கி சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். அவள் சிரித்தாள்.