அணைத்தாலும் அணையாத பெட்டி

1979 ஜூலை 1-ம் தேதி சோனி நிறுவனம் ஜப்பானில் விற்பனைக்கு விட்ட முதல் வாக்மேனில் பவர் ஸ்விட்ச் என்று தனியாக ஒன்று கிடையாது. டிபிஎஸ்-எல்2 என்ற அந்த நீல நிறப் பெட்டிக்குத் தேவைப்பட்டது இரண்டு பென்சில் பேட்டரி, ஒரு கேசட், ஒரு ஹெட்ஃபோன். ப்ளே பட்டனை அழுத்தினால் பாடும். ஸ்டாப் பட்டனை அழுத்தினால் நின்றுவிடும். ஆன், ஆஃப் எல்லாமே அதுதான்.

அந்தப் பட்டன்களுக்குப் பின்னால் இருந்தது வெறும் இயந்திர சமாச்சாரம். ப்ளேயை அழுத்தும் விரலின் பலமே உள்ளே ஹெட்டை நகர்த்தி டேப்போடு ஒட்ட வைத்தது. அதே அழுத்தம்தான் மின்சாரத்துக்கும் வழி திறந்து மோட்டாரை ஓடவிட்டது. ஸ்டாப் பட்டன் அந்த வழியை அடைத்துவிடும். அதன்பிறகு பேட்டரிக்கும் மோட்டாருக்கும் தொடர்பே இல்லை. ஏதாவது மக்கர் செய்தாலும் கவலையில்லை. மூடியைத் திறந்து பேட்டரியை உருவினால் முடிந்தது கதை.

2001 அக்டோபரில் ஆப்பிள் அறிமுகப்படுத்திய முதல் ஐபாடிலும் பவர் ஸ்விட்ச் இல்லை. ஆனால் இந்த 'இல்லை' வேறு மாதிரி.

ஐபாடை அணைக்க ப்ளே/பாஸ் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். திரை இருண்டுவிடும். அணைந்துவிட்டது என்று பையில் போட்டுக்கொள்வார்கள். உண்மையில் அது அணைவதில்லை, தூங்குகிறது. எந்தப் பாட்டில், எந்த இடத்தில் நின்றது என்பதை மறக்காமல் இருக்க அதன் நினைவகத்துக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். கடிகாரம் ஓட வேண்டும். யாராவது பட்டனைத் தொடுகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டும். அதனால்தான், பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் 14 முதல் 28 நாட்களுக்குள் மறுபடி சார்ஜ் செய்ய வேண்டியிருக்கும் என்று ஆப்பிளே சொல்லியிருந்தது. மேலே இருந்த ஹோல்ட் ஸ்விட்ச்சும் மின்சாரத்தை நிறுத்துவதற்கு அல்ல. தூங்குகிற பெட்டியைப் பைக்குள் ஏதாவது இடித்து எழுப்பிவிடாமல் இருக்கத்தான்.

இதில் லாபம் இல்லாமல் இல்லை. உள்ளே 5 ஜிபி ஹார்ட் டிஸ்க் சுற்றிக்கொண்டிருக்கும்போது பட்டென்று மின்சாரத்தை வெட்டினால் எழுதிக்கொண்டிருந்த தகவல் பாழாகலாம். தூங்க வைத்தால் எல்லாவற்றையும் ஒழுங்காக மூடிவைக்க நேரம் கிடைக்கும். திரும்ப எழுப்பும்போது விட்ட இடத்திலிருந்து உடனே பாடும். வசதிதான். ஆனால் அந்த வசதிக்குக் கொடுத்த விலை ஒன்று உண்டு. வாக்மேனின் ஸ்டாப் பட்டன் மின்சாரத்தை வெட்டியது. ஐபாடின் பட்டன் உள்ளே ஓடும் மென்பொருளிடம் 'தயவுசெய்து தூங்கு' என்று கேட்கிறது. கேட்பதற்கு அந்த மென்பொருள் நல்ல நிலையில் இருக்க வேண்டும், இல்லையா?

அது நல்ல நிலையில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது 2008 டிசம்பர் 31-ம் தேதி தெரிந்தது. மைக்ரோசாஃப்ட் 2006-ல் வெளியிட்ட 30 ஜிபி சூன் பிளேயர்கள் அன்று ஊர் ஊராக உறைந்து போயின. திரையில் லோகோ அப்படியே நிற்கிறது. எந்தப் பட்டனை அழுத்தினாலும் அசையவில்லை. ரீசெட் செய்தாலும் திரும்ப அதே இடத்தில் வந்து நிற்கிறது.

காரணம் ஒரு சின்னக் கணக்கு. அதன் கடிகார நிரல் 1980-லிருந்து எத்தனை நாள் ஆனது என்று வைத்துக்கொண்டு அதிலிருந்து வருடத்தைக் கண்டுபிடிக்கும். சாதாரண வருடத்துக்கு 365, லீப் வருடத்துக்கு 366 என்று கழித்துக்கொண்டே வரும். மிச்சம் 365-க்கு மேல் இருக்கும்வரை திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும் என்பது விதி. லீப் வருடமானால் மிச்சம் 366-க்கு மேல் இருந்தால்தான் கழிக்கலாம் என்பது இன்னொரு விதி. 2008 லீப் வருடம். டிசம்பர் 31 அதன் 366-வது நாள். மிச்சம் சரியாக 366. கழிக்கவும் முடியாது, நிற்கவும் முடியாது. சுற்றிக்கொண்டே இருந்தது.

மைக்ரோசாஃப்ட் சொன்ன வைத்தியம்: பேட்டரி தானாகத் தீரும்வரை விட்டுவிடுங்கள். ஜனவரி 1, கிரீன்விச் நேரப்படி நண்பகல் 12 மணிக்குப் பிறகு சார்ஜ் செய்யுங்கள். சரியாகிவிடும். சரியாகவும் ஆனது.

நியாயமாகச் சொன்னால், ஒரு நிஜமான ஸ்விட்ச் இருந்திருந்தாலும் அந்தப் பிழை அன்றைக்குத் தீர்ந்திருக்காது. தேதி மாறினால்தான் தீரும். ஆனால் காசு கொடுத்து வாங்கியவர் அதை அணைத்தாவது வைத்திருக்கலாம். கையில் இருக்கிற தன் சொந்தப் பொருள் எப்போது சாகும் என்று உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இத்தனைக்கும் ஆப்பிளே இதற்கு மாற்று வைத்திருந்தது. 2005 ஜனவரியில் வந்த ஐபாட் ஷஃபிளுக்குத் திரை கிடையாது. பின்பக்கம் ஒரு நகர்த்து ஸ்விட்ச் வைத்தார்கள். ஆஃப், வரிசையாகப் பாடு, கலைத்துப் பாடு என்று மூன்று நிலைகள். இருட்டில் விரலால் தடவினாலே தெரிந்துவிடும். அந்த வரிசையிலேயே விலை குறைந்த பெட்டிக்குத்தான் ஒழுங்கான ஸ்விட்ச் கிடைத்தது!

சூன் 2011-லும் ஐபாட் 2022-லும் நின்றுவிட்டன. அவற்றின் பழக்கம் மட்டும் நிற்கவில்லை. இன்று பாட்டுக் கேட்கும் ஃபோனில் பேட்டரியைக் கழற்ற முடிவதே அபூர்வம். காதில் மாட்டும் ஒயரில்லாத இயர்பட்களில் பலவற்றுக்கு ஸ்விட்ச்சே இல்லை. டப்பாவில் போட்டால் தூங்கும், எடுத்தால் விழிக்கும். எல்லாம் ஒழுங்காக ஓடும்வரை இதில் யாருக்கும் குறையில்லை. ஆனால் ஸ்விட்ச் என்பது எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளுக்காக மட்டும் வைக்கப்படுவதில்லையே.