உரையும் ஒழுங்கும்

நூலொன்று தான் தோன்றிய காலத்தினின்று விலகிச் செல்லச் செல்ல, அதற்கு உரை வேண்டியதாகின்றது. இவ்வுண்மையைத் தமிழர் நன்குணர்ந்திருந்தனர். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் முதலாகப் பலர் உரை கண்டனர். திருக்குறளுக்குப் பழைய உரைகாரர் பதின்மர் என்பது மரபு. நன்னூல் செய்த பவணந்தி முனிவர் நூலின் இலக்கணத்தைக் கூறியதோடு அமையாது, உரையின் இலக்கணத்தையும் வகுத்துரைத்தார். பரிமேலழகர் 1330 குறள்களுக்கும் ஒரே நெறியில் உரை வரைந்தார்; பொருளை முன்வைத்து, சொல்லிலக்கணத்தையும் விளக்கத்தையும் பின்வைக்கும் நெறி அது. அவ்வுரையிற் சில குறள்களைப் படித்துப் பழகிய மாணவன், எஞ்சிய குறள்களில் எதனை எவ்விடத்தில் தேடவேண்டும் என்பதை அறிவான். உரையில் ஒழுங்கு இருப்பதன் பயன் இதுவே.

நம் காலத்தில் உரை வேண்டி நிற்கும் புதுவகை நூல் ஒன்று உண்டு. கணினிக்கு இடப்படும் கட்டளைகளின் தொகுதியாகிய நிரலே அது. பெரிய மென்பொருளொன்றின் நிரல் பல இலட்சம் வரிகள் கொண்டது. பலர் கூடி, பல ஆண்டுகள் எழுதுவது. அவ்வரிகளுக்கிடையே எழுதுவோர் தம் மொழியில் குறிப்புகளை இட்டுச் செல்வர். கணினி இக்குறிப்புகளைக் கண்ணெடுத்தும் பாராது கடந்து செல்லும். அவை முழுக்க முழுக்க மனிதருக்கென்றே எழுதப்படுபவை. அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்ட் நூத் 1984-இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், நிரல் என்பது மனிதர் படித்து விளங்குவதற்காக எழுதப்படவேண்டிய இலக்கியம் என்னும் கொள்கையை முன்வைத்தார். அக்கொள்கையை முழுமையாக ஏலாதவரும், நிரலுக்கு உரைக்குறிப்பு வேண்டும் என்பதை மறுப்பதில்லை. ஆயின், நூறு பேர் எழுதும் குறிப்புகள் ஒரே நெறியில் அமையவேண்டுமா என்ற வினா எழும்போது, பலர் அதனை அழகு பற்றிய வினாவாகக் கருதித் தள்ளிவிடுகின்றனர். அது நீதி பற்றிய வினா என்பதனை மலையகத்தார் ஒருவர் எளிதில் உணர்வார்.

தேயிலைக்கும் கணினிக்கும் உள்ள தொடர்பு பலர் எண்ணுவதினும் பழையது. வணிகக் கணக்குகளைச் செய்வதற்கென முதன்முதலில் இயக்கப்பட்ட கணினி, 1951-இல் லண்டனில் லயன்ஸ் நிறுவனம் அமைத்த லியோ என்பதாகும். அந்நிறுவனத்தார் தேயிலை வணிகரும் தேநீர்ச்சாலை உரிமையாளரும் ஆவர். இன்றோ தேயிலை விளையும் மலைகளிலேயே கொழுந்து நிறுக்கும் தராசும் சம்பளக் கணக்கும் கணினியை நாடி நிற்கின்றன. லயத்தில் பிறந்து, பல்கலைக்கழகத்திற் பயின்று, மென்பொருள் எழுதுவோரும் தோன்றியுள்ளனர்.

தலவாக்கலைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில் வளர்ந்த பெண்ணொருவர் அத்தகையோருள் ஒருவர். அவருடைய தாயார் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொழுந்து பறித்தவர். மகள் கொழும்பில் பணியேற்ற சில ஆண்டுகளின் பின்னர், தோட்டச் சம்பளக் கணக்குக்கான பெரிய மென்பொருளொன்றைச் செப்பனிடும் பொறுப்பு அவரது குழுவைச் சார்ந்தது. பத்தாண்டுகளில் பலர் கைமாறிய நிரல் அது. அதன் குறிப்புகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக இருந்தன. ஒருவர் ஆங்கிலத்தில் நீண்ட வாக்கியங்கள் எழுதியிருந்தார். இன்னொருவர் தமக்கு மட்டுமே விளங்கும் சுருக்கெழுத்துகளை இட்டிருந்தார். சிலர் சிங்களத்தையும் வேறு சிலர் தமிழையும் ஆங்கில எழுத்துகளால் எழுதியிருந்தனர். ஓரிடத்தில் 'இதனைத் தொடவேண்டாம்' என்ற எச்சரிக்கை மட்டும் காணப்பட்டது. தொடலாகாமைக்குக் காரணம் யாது, எழுதியவர் யார், எந்த ஆண்டில் எழுதினார் என்பன ஒன்றும் இல்லை.

அந்நிரலில் ஒவ்வொரு முறை கொழுந்து நிறுக்கப்படும்போதும் ஒரு கிலோவைக் கழிக்கும் வரியொன்று இருந்தது. அதன் அருகே 'கழிவு' என்னும் பொருள்தரும் ஒரு சொல் மட்டும் குறிக்கப்பட்டிருந்தது. சம்பளத்தைக் கணிக்கும் வேறொரு பகுதியிலும் நிறுவைக்கு ஒரு கிலோ வீதம் கழிக்கப்பட்டது. அங்கே 'டெயார்' என்று எழுதப்பட்டிருந்தது. முதலாவது குறிப்பை எழுதியவர் கருதியதும் சாக்கின் நிறை. இரண்டாமவர் கருதியதும் அதே சாக்கின் நிறை. மழை நாளில் இலையிற் படியும் நீருக்காகவும் தோட்டங்களில் நிறை கழிப்பதுண்டு. ஆதலால், இரு சொற்களைக் கண்டவர்கள் இரண்டையும் வெவ்வேறு கழிவுகள் எனக் கொண்டு, இரண்டும் இருக்கட்டும் என விட்டுவிட்டனர். புதிய பதிப்பைச் சோதிக்கும் வேளையில் அப்பெண் இதனைக் கண்டுபிடித்தார்.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்த்தல் தகும். தோட்டத்து வழக்கில் ஒரு நாட் சம்பளத்தை ஒரு 'பேர்' என்பர். குறித்த நிறையை எட்டாதவருக்கு 'அரைப்பேர்' விழும். நாளுக்கு 18 கிலோ என்பது ஒரு தோட்டத்தின் நியதி எனக் கொள்வோம். ஒருத்தி மூன்று நிறுவைகளில் சாக்குடன் 22 கிலோ கொழுந்து கொடுக்கின்றாள். சாக்குக்கு 3 கிலோ போக, 19 கிலோவுக்கு அவளுக்கு முழுப்பேர் உரியது. அதே சாக்கை இருமுறை கழித்தால் 16 கிலோவே எஞ்சும், அவளுக்கு அரைப்பேர். நிரல் பிழையின்றி ஓடும். சம்பளச் சீட்டும் தெளிவாக அச்சாகி வரும். ஒரு பொருளுக்கு இரண்டு சொற்கள் வழங்கிய குற்றத்துக்கு, மலைச்சரிவில் நிற்கும் ஒருத்தி பாதி நாட் கூலியைத் தண்டமாகச் செலுத்தவேண்டி நேரும்.

இப்பெண் இதனை விரைவில் உணர்ந்தமைக்குக் காரணம் உண்டு. அவருடைய தாயார் ஊழியர் சேமலாப நிதியைப் பெறுவதற்கு நெடுநாள் அலைந்தவர். பிறப்புப் பதிவில் அவர் 'லெட்சிமி'. தோட்டத்துச் செக்றோலில் 'லெட்சுமி'. தேசிய அடையாள அட்டையில் 'லட்சுமி'. தந்தையின் பெயர் ஓரிடத்தில் முழுமையாகவும், ஓரிடத்தில் முதலெழுத்தாகவும் நின்றது. மற்றோரிடத்தில் இல்லவே இல்லை. அதே தோட்டத்தில் அப்பெயருடையார் வேறு மூவர் இருந்தனர். மூவரல்லர், ஒருவரே என்று நிறுவுவதற்குச் சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடிக்கவேண்டியதாயிற்று. இக்கதை அவ்வம்மையார் ஒருவரின் கதையன்று. ஹற்றனிலும் நுவரெலியாவிலும் இதனைச் சொல்லக்கூடிய குடும்பங்கள் பல.

மலையக மக்களின் வரலாறே ஆவணங்களோடு பிணைந்தது. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949-ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர், 1946 சனவரி முதலாந் தேதிக்கு முன்னர் 7 ஆண்டுகளோ 10 ஆண்டுகளோ இடையறாது இந்நாட்டில் வதிந்தமையை நிறுவவேண்டியிருந்தது. 8 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் அளிக்கப்பட்டன. குடியுரிமை பெற்றவரோ ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. இதற்கு அரசியலே முதற் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஒரு மனிதனின் வாழ்வு அவன் அறியாத ஒருவர் எழுதிவைத்த குறிப்பில் தங்கியிருக்கும் நிலையை அம்மக்கள் அன்று தொடங்கி அறிவர். 1964-இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை 5,25,000 என்றும் 3,00,000 என்றும் இரு நாடுகளுக்குப் பங்கிட்டது; எஞ்சியோர் பிரச்சினை பின்னருந் தொடர்ந்து, 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரை நீண்டது. இதற்கிடையே 1972-இலும் 1975-இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992-இல் அவற்றின் நிர்வாகம் தனியார் கம்பனிகளின் கைக்குச் சென்றது. ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும் பேரேடுகளை எழுதியவர் போயினர், படிப்பவர் புதியவராயினர்.

இங்கே ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. 'லெட்சிமி' என எழுதிய பதிவாளரும், 'லெட்சுமி' என எழுதிய பெரிய கிளாக்கரும், 'லட்சுமி' என எழுதிய உத்தியோகத்தரும் பொய் எழுதியவரல்லர். ஒவ்வொருவரும் தத்தம் ஏட்டில் தமக்குச் சரியெனப்பட்டதைக் கவனத்துடனேயே எழுதினர். ஏடுகள் தனித்தனியே இருந்தவரை குறையேதும் தோன்றவில்லை. மூன்றையும் ஒருங்குவைத்துப் பார்க்கவேண்டிய நாளிலேதான் ஒரு பெண் மூவராகப் பிளவுபட்டாள். நிரலின் குறிப்புகளும் இத்தன்மையனவே. தனித்து நோக்கின் ஒவ்வொன்றும் குறைவற்றது. பிறிதொன்றோடு சேர்த்துப் படிக்கும்போது பொருள் திரிகின்றது. எனவே, குறிப்பெழுதும் ஒவ்வொருவரும் திறமையுடையவர் என்பது போதாது. அனைவரும் ஒரு நெறிக்குக் கட்டுப்பட்டவராதல் வேண்டும்.

அலகுகளைப் பற்றிய குறிப்பு இதற்கு மற்றொரு சான்று. இறாத்தற் கணக்கில் கொழுந்து நிறுத்த காலத்து ஏட்டையும் கிலோக் கணக்கில் நிறுத்த காலத்து ஏட்டையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்கு, வெறும் எண் மயக்கமே தரும். இம்மயக்கம் எளியோருக்கு மட்டும் உரியதன்று. 1999-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனம் செவ்வாய்க் கோளுக்கு அனுப்பிய காலநிலை ஆய்வுக்கலம் அழிந்துபோயிற்று. ஒரு சாராரின் மென்பொருள் இறாத்தல் அடிப்படையிலான அலகில் எண்களைத் தர, மறுசாரார் அவற்றை மெட்ரிக் அலகில் அமைந்தவை எனக் கொண்டமையே அவ்வழிவுக்குக் காரணம்.

இனி, ஒழுங்கை நிலைநாட்டும் வழி யாது? பைதான் என்னும் நிரல்மொழிக்குக் குய்டோ வான் ரொஸம் உள்ளிட்டோர் 2001-இல் வகுத்த எழுத்துநெறி இவ்விடயத்தில் நல்ல வழிகாட்டி. நிரலோடு முரண்படும் குறிப்பு, குறிப்பே இல்லாமையினும் தீயது என்பது அதன் துணிபு. குறிப்புகள் முழு வாக்கியங்களாக அமைதல் வேண்டும் என்றும் அது விதிக்கின்றது. உலகப் பொதுவான நெறியோடு ஒத்திருப்பதினும் ஒரு திட்டத்துக்குள் ஒத்திருத்தல் முதன்மையானது. ஒரே கோப்புக்குள் ஒத்திருத்தல் அதனினும் முதன்மையானது என்பதும் அதன் கருத்தாகும்.

மொழியைப் பற்றியும் அந்நெறி பேசுகின்றது. ஆங்கிலம் பேசாத நாட்டார், தம் மொழி அறியாதார் ஒருபோதும் அந்நிரலைப் படிக்கமாட்டார் என்பதில் முழு நிச்சயம் இருந்தாலன்றி, குறிப்புகளை ஆங்கிலத்திலேயே எழுதுதல் நன்று என்கின்றது. தமிழன்பருக்கு இது உவப்பாயிராது. ஆயின் இலங்கையிலேயே இதன் பொருத்தத்தைக் காட்டும் நிகழ்ச்சி உண்டு. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையை அடுத்து இந்நாட்டுத் தொண்டர்கள் சில வாரங்களுள் 'சஹானா' என்னும் அனர்த்த நிவாரண மென்பொருளை உருவாக்கினர். பின்னர் அது பாகிஸ்தானிலும் பிலிப்பைன்சிலும் ஹெய்ட்டியிலும் பயன்பட்டது. அவ்வாறு கடல் கடந்து செல்லக்கூடிய நிரலுக்குப் பொதுமொழி தேவை. உள்ளூரிலேயே வாழ்ந்து முடியும் நிரலுக்குத் தமிழோ சிங்களமோ பொருந்தலாம். எம்மொழியாயினும், அதனை முன்கூட்டியே தீர்மானித்து எழுதிவைத்தல் வேண்டும். ஒரே நிரலில் மூன்று மொழிகளை விரவுவது எம்மொழிக்கும் செய்யும் தொண்டாகாது.

மேற்கூறிய பெண்ணின் குழுவினர் இறுதியிற் செய்தது எளிய செயலே. ஒரே பக்கத்தில் அடங்கும் விதிகளை எழுதினர். ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்பது முதல் விதி. அதற்கெனச் சிறு சொற்பட்டியலும் சேர்த்தனர். நிரல் என்ன செய்கின்றது என்பதை நிரலே காட்டுமாதலால், குறிப்பு ஏன் அவ்வாறு செய்யப்பட்டது என்பதைக் கூறவேண்டும் என்றனர். எண் வருமிடத்தில் அலகு வருதல் வேண்டும். 'தொடவேண்டாம்' என்பவர் காரணமும் காட்டவேண்டும். நிரலை மாற்றுபவர் அதே வேளையில் குறிப்பையும் மாற்றவேண்டும். அதனைக் குழுவில் இன்னொருவர் படித்து ஒப்பிய பின்னரே ஏற்கவேண்டும். பழைய குறிப்புகள் அனைத்தையும் ஒரே நாளில் திருத்த முனையவில்லை; எப்பகுதியில் கை வைக்க நேர்ந்ததோ அப்பகுதியைச் சீர்செய்தனர். குறிப்பின் வடிவைச் சோதிக்கும் கருவிகளையும் பயன்படுத்தினர்.

எனினும், கருவியின் எல்லையை மறத்தலாகாது. குறிப்பு உரிய இடத்தில் உள்ளதா, உரிய வடிவில் உள்ளதா என்பதைக் கருவி கூறும். அது மெய்யா என்பதைக் கூறமாட்டாது. கோடுகள் நேராக வரையப்பட்டு, எழுத்துகள் முத்துமுத்தாக அமைந்த செக்றோலிலும் தவறான நிறை பதியப்படலாம். ஒழுங்கு உண்மையைப் படைப்பதில்லை. ஆயின் உண்மையும் பொய்யும் ஒரே வடிவில் எழுதப்பட்டிருந்தால், ஒன்றோடொன்றை ஒப்பிட்டுப் பொய்யைக் கண்டுகொள்ளுதல் இயலும். ஒழுங்கற்ற ஏட்டில் இரண்டும் ஒருங்கே மறைந்துவிடுகின்றன.

பல்கலைக்கழகத்தில் இன்று பயில்வோருட் பலர் நாளை மென்பொருள் எழுதுவர். ஏனையோர் அலுவலகங்களில் பெயர்களையும் எண்களையும் எழுதுவர். அவர்தம் எழுத்தால் வாழ்வோ தாழ்வோ அடைபவர், பெரும்பாலும் அவ்வெழுத்தை ஒருபோதும் பார்க்கமாட்டாதவர். அவர் கேட்டுப் பெறவியலாத மரியாதையை, கேளாமலேயே அளிக்கும் வழிகளுள் ஒன்று உரையின் ஒழுங்கு.